கண்ணாடித் தொட்டியும் கிள்ளான் ஆறும்

கிள்ளானில் கொம்யூட்டர் இரயில் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீபாவளித் துணிக்காகத் தோட்டத்திலிருந்து வரும் குடும்பங்கள் முதலில் தெங்கு கிளானா சாலையில் ஒரு சுற்றுச் சுற்றும். அங்கே மனத்துக்குப் பிடித்தது அகப்படாவிட்டால் துன் சம்பந்தன் சாலைக்குப் பயணம். பெரியவர்கள் சேலைக் கடையைத் தேட, வழியில் ஒரு வளர்ப்பு மீன் கடை எதிர்ப்பட்டால் போதும், பிள்ளைகளின் கால் அங்கேயே நின்றுவிடும்.

காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் மின்னுகின்றன. சண்டை மீன்கள் மட்டும் ஆளுக்கொரு புட்டியில் தனிச் சிறை. "அப்பா, தங்கமீன் ரெண்டு, அந்த வரி போட்டது ரெண்டு, ஏஞ்சல் ஒண்ணு!" அப்பாவும் நல்ல மனத்தோடு எல்லாவற்றையும் வாங்கி ஒரே தொட்டியில் விடுகிறார். வினை அங்கேதான்.

வரி போட்ட புலிக் கெண்டை துடுக்கான சாதி. நீண்ட வாலும் துடுப்பும் கண்டால் கடித்துப் பார்க்காமல் விடாது. ஆறேழாகக் கூட்டமாய் இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு கிடக்கும். இரண்டே இரண்டாக இருந்தால் தங்கமீனின் வால் கந்தல். தங்கமீனோ குளிர்ந்த நீரை விரும்புவது. தண்ணீரையும் சீக்கிரம் அழுக்காக்கும். கடையில் ஐம்பது காசு அகலத்தில் நிற்கும் ஏஞ்சல், உள்ளங்கையளவு வளர்ந்தபின் நியோன் போன்ற பொடி மீன்களை விழுங்கிவிடும்.

இது தோட்டத்துப் பிள்ளைகள் அறியாத சங்கதி அல்ல. கால்வாயில் பிடித்த விராலையும் கப்பியையும் ஒரே பிஸ்கட் டின்னில் போட்டால் விடியும்போது எது மிஞ்சும் என்று லயத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடியை நக்கித் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் 'பண்டாராயா' மீனின் கதை வேறு. நகரத் துப்புரவுக்காரன் என்ற கேலியில் பிறந்த பெயர். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. விரல் நீளத்தில் வாங்கியது ஓரடிக்கு மேல் வளர்ந்து தொட்டியை அடைத்துக்கொள்ளும். கொல்ல மனம் வராமல் கால்வாயில் விட்டு விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு! கால்வாய் போய்ச் சேருமிடம் ஆறு. அப்துல்லா ஹுக்கும் நிலையத்தருகே இரயில் வரும்போது சன்னலோரம் எட்டிப் பாருங்கள்: சிமெண்டுக் கரைகளுக்கு நடுவே போகிறதே, அதுதான் கிள்ளான் ஆறு, சுமார் 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் விழுவது. அங்கும் லங்காட் ஆற்றிலும் இந்த மீன் பெருகிவிட்டது. கரையைக் குடைகிறது, வலையைக் கிழிக்கிறது, கறிக்கும் பெரும்பாலோர் எடுப்பதில்லை. லங்காட்டில் இறங்கி இதை வாரி அப்புறப்படுத்தத் தொண்டர்கள் கிளம்பும்படி ஆகியிருக்கிறது. ஆகவே எந்த மீனை வாங்கினாலும், வளர்ந்தால் எவ்வளவு பெரிசு ஆகும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

பின் எதைத்தான் வாங்குவது? ஹார்லிக்வின் ராஸ்போரா என்று கேளுங்கள். உடலில் கறுப்பு முக்கோணம், செம்பு நிறம், இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. நம் தீபகற்பத்தில் இயற்கையாக வாழும் மீன்களில் ஒன்று. 1904-இல் அறிவியல் பெயர் பெற்று உலகம் முழுவதும் தொட்டிகளில் நீந்துகிறது. நம் பிள்ளைகளுக்குத்தான் இது நம்மூர் மீன் என்று தெரியாது. தேயிலைச் சாயம் போன்ற சதுப்புக்காட்டு நீரில் வாழ்வதால், காய்ந்த கெத்தாப்பாங் இலை ஒன்றைத் தொட்டியில் போட்டால் அதற்குச் சொந்த வீடு போல. இரண்டடித் தொட்டிக்கு எட்டு மீன் கூட்டமாக விடலாம். கூட ஒரு சோடி முத்து கூராமி. அதுவும் இந்நாட்டுப் பிறப்பே, சாதுவும்கூட. கப்பி வேண்டுமென்றால் அதற்குத் தனித்தொட்டி நல்லது. அது விரும்புவது கடின நீர்.

வடசிலாங்கூர்ச் சதுப்புக் காட்டுக்குள்ளும் ஒரு சண்டை மீன் இருக்கிறது. பெட்டா லிவிடா என்று 1992-இல் பெயரிடப்பட்டது. காடு சுருங்கி, இன்று அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலில் நிற்கிறது. யாராவது காட்டில் பிடித்தது என்று காட்டினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் பையை வெயில் படாமல் ஒரு துண்டில் சுற்றி மடியில் வையுங்கள். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து ஊற்றியிருக்க வேண்டும். வீடு வந்ததும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள்.