இறந்தவள் பாடும் ஒப்பாரி



வழக்கமாக இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் இடம்பெறும் இப்பக்கத்தில், இன்று ஓர் ஆங்கிலப் பாடலைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியைக்கு என்ன ஆயிற்று என்று எண்ண வேண்டா. காரணம் இருக்கிறது.

விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், நாள் முழுவதும் இருட்டறையில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரே தொகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தபோதெல்லாம் சாவும் துயரமுமே காதில் விழுந்தன. "இதையே கேட்டுக்கொண்டிருந்தால் மனம் என்னவாகும்?" என்று கடிந்தேன். அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கோ உள்ளூர அச்சம்.

கோலாலம்பூருக்குத் திரும்பும் நாளில் அவளைப் பட்டர்வொர்த் தொடர்வண்டி நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். கெப்பாலா பத்தாஸ் நெல்வயல்களைக் கடக்கும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்:

"ஒரு தடவையாவது முழுசா கேட்டீங்களாம்மா? கடைசிப் பாட்டை மட்டும் கேளுங்க."

கதையையும் அவளே சொன்னாள். எத்தல் கேய்ன் என்ற பெயரில் பாடும் அமெரிக்கக் கலைஞரின் முதல் முழுத்தொகுப்பு அது. பெயர் 'பிரீச்சர்ஸ் டாட்டர்', அதாவது போதகரின் மகள். 2022 மே 12இல் வெளிவந்தது. 13 பாடல்களும் சேர்ந்து ஒரே கதையைச் சொல்கின்றன. பாடகி கிறித்துவச் சூழலில் வளர்ந்தவர். ஆனால் கதை கற்பனை. போதகரின் மகள் ஒருத்தி வீட்டைவிட்டு ஓடுகிறாள். நம்பிச் சென்றவனே அவளைக் கொன்று, உடலையும் தின்றுவிடுகிறான். 10ஆம், 11ஆம் பாடல்களில் சொற்களே இல்லை. அச்சாவைச் சொல்ல இசை மட்டுமே போதும் என்று விட்டுவிட்டார் போலும்!

இறுதிப் பாடல் 'ஸ்டிரேஞ்சர்ஸ்', அதாவது அந்நியர்கள். மெல்லிய குரலில் தொடங்குகிறது. போகப் போகக் கித்தார்கள் கரகரத்து மேலெழுகின்றன. 1990களின் தொடக்கத்தில் சியாட்டல் பக்கத்துக் குழுக்களால் உலகெங்கும் பரவிய 'கிரஞ்ச்' இசையின் சாயல் அது என்றாள் மகள். கதை நிகழும் 1991இல்தான் நிர்வானா குழுவின் 'நெவர்மைண்ட்' தொகுப்பும் வெளிவந்ததாம்.

நமது கச்சேரிகள் மங்களம் பாடி நிறைவுறும். இத்தொகுப்போ இருளிலேயே முடிகிறது. முதலில் அதுதான் என்னை உறுத்தியது. ஆனால் பாடலின் கடைசிப் பகுதியில், இறந்துபோன அப்பெண் தன் தாயிடம் பேசுகிறாள். என்னை எண்ணி வருந்தாதே, உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்ற பொருளில் தேற்றுகிறாள்.

எனக்குத் தோட்டத்து நினைவு வந்துவிட்டது. லயத்து வீடுகளில் சாவு விழுந்தால் என் பாட்டி முன்னால் அமர்ந்து ஒப்பாரி வைப்பார். என்னைத் தனியே விட்டுப் போனாயே, இனி நான் யாரிடம் போவேன் என்றெல்லாம் இறந்தவரைக் கேட்டுக் கேட்டு அழுவார். ஒப்பாரியில் கேள்விகள்தாம் உண்டு. கிடத்தப்பட்டிருப்பவர் மறுமொழி சொன்னதே இல்லை. இப்பாடலில் அந்த மறுமொழி கேட்கிறது. பெற்றவள் வைக்க வேண்டிய ஒப்பாரியை, பிள்ளையே ஆறுதலாக மாற்றித் திருப்பித் தருகிறாள்.

பாடல் முடிந்தது. சாலை கலங்கித் தெரிந்ததால் மகிழுந்தை ஓரமாக நிறுத்தினேன்.

"நீ நல்லாதானே இருக்க?" என்று கேட்டேன். அந்த விடுமுறை முழுவதும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"அங்க தனியா இருக்கிறது சில நாள் கஷ்டமா இருக்கும்மா. இதைக் கேட்டா உங்க ஞாபகம் வரும்," என்றாள்.

நிலையத்தில் அவளை உடனே இறக்கிவிட மனமில்லை. வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இப்போது நாள்தோறும் இரவில் அழைக்கிறாள்.

இருண்ட பாடலைக் கேட்கும் பிள்ளைகள் எல்லாரும் நலமாகவே இருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. என் அச்சமும் முற்றாக நீங்கவில்லை. ஆனால் அறைக் கதவுக்கு வெளியே நின்று கடிந்ததில் எனக்கு ஒன்றும் தெரியவரவில்லை. அருகில் அமர்ந்து ஒரே ஒரு பாடலைக் கேட்டபோதுதான் தெரிந்தது.

உங்கள் பிள்ளைகள் இப்போது என்ன பாடல் கேட்கிறார்கள்? இன்றிரவு கேட்டுப் பாருங்களேன்.