மகளோடு பழவேற்காட்டுக்கு

பத்தாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் விரும்பிய ஊருக்கு அழைத்துச் செல்வதாக என் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வேளாங்கண்ணி என்பாள், மிஞ்சினால் ஊட்டி என்பாள் என்று எண்ணியிருந்தேன். தேர்வு முடிவு வந்த அன்று மாலை அவள் சொன்ன ஊர், ஜப்பான்!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதை அவள் எடுத்து வந்த நோட்டுப் புத்தகம் காட்டியது. டோக்கியோவில் தொடங்கி கியோட்டோ, ஹிரோஷிமா வழியாக நாகசாகி வரை செல்லும் ரயில் பயணம் ஒன்றை நாள்வாரியாக எழுதி வைத்திருந்தாள். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கியதும், அன்று நான்கு மணி நேரம் பிடித்த அந்த 515 கிலோமீட்டரை இன்று இரண்டரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுவதும் அவளுக்கு மனப்பாடம். அந்நாட்டு ரயில் நிலையங்கள் பலவற்றில் அந்தந்த ஊரின் படம் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று வைத்திருப்பார்களாம். பயணிகள் தங்கள் நோட்டுகளில் அதைக் குத்திச் சேர்ப்பார்களாம். அதற்கென்று இருபது பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தாள்.

நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பாலையில் தரப் பரிசோதகன். இருவருக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டறிந்ததோடு என் ஜப்பான் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஆனால் அதை மகளிடம் சொல்லும் துணிவு வரவில்லை. 'பார்க்கலாம்' என்னும் சொல்லை மாதம் ஒருமுறையாகச் செலவழித்து மார்கழியை எட்டிவிட்டேன்.

எங்கள் வீடு திருவள்ளூரில். வேலையும் வாடகை அறையும் கும்மிடிப்பூண்டியில். 1997-இல் மாவட்டம் பிரிந்தபோது இரண்டும் ஒரே மாவட்டத்தில் அமைந்தன என்றாலும், இருப்புப்பாதைக்கு அந்த உறவு தெரியாது. கவட்டையின் இரு கிளைகளைப் போல ஒன்று மேற்கேயும் மற்றொன்று வடக்கேயும் விலகிச் செல்ல, இரண்டும் பேசின் பிரிட்ஜில்தான் கூடுகின்றன. ரயிலில் செல்பவன் சென்னை வரை வந்து திரும்ப வேண்டும். ஆகவே திங்கள் விடியலில் புறப்பட்டுச் சனிக்கிழமை இரவில் வீடு திரும்புவது என் வழக்கமாயிற்று. பதினொன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு என் பக்கத்தில் நிற்கும் பெண் ஆண்டுக்கு ஆண்டு உயரமாகிக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர, அவளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்றே சொல்ல வேண்டும்.

பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜப்பான் இப்போது முடியாது. அதற்குப் பதிலாக நான் வாரந்தோறும் செல்லும் பாதையில் ஒரு நாள் சுற்றுலா செல்வோம் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முத்திரை யார் குத்துவார்கள்?" என்றாள். "நீயே வரைந்துகொள்" என்றேன். அரைமனதோடு சம்மதித்தாள்.

காணும் பொங்கல் கூட்டம் கலைந்த மறுநாள் காலை ஆறு மணிக்குத் திருவள்ளூரில் மின்வண்டி ஏறினோம். இந்தப் பாதை இளப்பமானதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்றது இவ்வழியேதான். இதைச் சொன்னதும், "அப்போது ஜப்பானில் ரயிலே கிடையாது" என்றாள் மகள், தன் கட்சியையே விட்டுக்கொடுத்து. அங்கு முதல் ரயில் ஓடியது 1872-இல்.

பேசின் பிரிட்ஜில் மாறி வடக்கே செல்லும் வண்டியைப் பிடித்தோம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, அடுத்து வ.உ.சி. நகர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவளிடம் சொன்னேன். காரணம் பிறகு தெரியும் என்றேன். தீப்பெட்டி ஆலையொன்றின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகர் கடந்து, எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் கண்ணில் படும்போது யாரும் பேச்சை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார்கள். ஒருபுறம் நீர்ப்பரப்பும் அலையாத்திச் செடிகளும், மறுபுறம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இக்கழிமுகம் முழுதும் பரவியபோது, மீனவர்கள் வாளிகளால் அதை அள்ளியதை வண்டியின் சன்னலிலிருந்து கண்டிருக்கிறேன். மகள் அந்தப் பக்கத்தில் ஒரு கொக்கையும் ஒரு புகைபோக்கியையும் ஒரே உயரத்தில் வரைந்தாள்.

அத்திப்பட்டில் வண்டி நின்றது. நிலக்கரி வண்டி ஒன்று கடக்க வேண்டியிருந்ததால் பத்தொன்பது நிமிடங்கள் நின்றது. ஜப்பானிய அதிவேக ரயிலின் சராசரித் தாமதம் ஒன்றிரண்டு நிமிடம்தான் என்று நினைவூட்டிய பிறகு அவள் வேறொன்று சொன்னாள். "அப்பா, அங்கே உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சொல்லே இருக்கிறது. 'தன்ஷின் ஃபுனின்'. குடும்பத்தை விட்டுத் தனியே வெளியூரில் வேலை பார்க்கும் அப்பாக்களை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். நிறையப் பேர் இருக்கிறார்களாம்."

அந்தச் சொல்லை எப்போது, எதற்காகத் தேடி எடுத்தாய் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. நிலக்கரி வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொன்னேரியில் இறங்கினோம். பதினொன்று ஆண்டுகளில் இந்த நிலையத்தில் நான் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்க, தென்முனை மட்டும் நம் மாவட்டத்தில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் ராக்கெட்டுகள் விண்ணேறுகின்றன.

முதலில் மகிமை மாதா ஆலயத்துக்குச் சென்றோம். 1515-இல் போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் இத்திருத்தலத்தைப் பற்றி நம் வாசகர்கள் பலர் அறிந்திருப்பர். அங்கே அமர்ந்திருந்தபோது மகளுக்கு ஒன்று சொன்னேன். 1545-இல் நம் சாந்தோமில் சில மாதங்கள் தங்கித் தோமையார் கல்லறையில் செபித்த சவேரியார், நான்கு ஆண்டுகள் கழித்து 1549 ஆகஸ்டு 15 அன்று கால் பதித்த கரை ஜப்பானின் ககோஷிமா. அவள் நோட்டைப் புரட்டித் தன் பயணத் திட்டத்தில் ககோஷிமா இல்லையே என்று பார்த்தாள். பென்சிலால் சேர்த்துக்கொண்டாள்.

அதன்பின் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே கூம்புகளும் மாடங்களுமாக எழுப்பிய சமாதிகள், மீசை பிரியும் எழுத்துகளில் டச்சு வாசகங்கள், குடும்பச் சின்னங்கள். எல்லாவற்றின் மேலும் ஆட்டுக்குட்டி ஒன்று தாவிக்கொண்டிருந்தது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. இன்று அக்கோட்டையைத் தேடிச் செல்பவருக்குக் கிடைப்பது மேடும் முட்புதரும்தான்.

இங்கேதான் நான் ஒளித்து வைத்திருந்த செய்தியை எடுத்தேன். இந்தப் பயணத்துக்காக இரண்டு வாரம் இரவுப் பணி இடைவேளையில் படித்து வைத்தது. கிறிஸ்தவ மறையைத் தடை செய்து மேல்நாட்டாரை வெளியேற்றிய ஜப்பான், மறைபரப்பில் ஈடுபடாத டச்சு வணிகரை மட்டும் 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தின் தேஜிமா என்னும் சிறு தீவில் அடைத்து வைத்து வாணிகம் செய்ய அனுமதித்தது. அந்த நாகசாகியிலிருந்து டச்சுக் கப்பல்கள் ஏற்றி வந்த சரக்குகளுள் முதன்மையானது செம்பு. ஜப்பானியச் செம்பு இந்தக் கரையில் விற்கப்பட்டது. பழவேற்காட்டு நாணயச் சாலையில் காசாகவும் வார்க்கப்பட்டது. நம் கரையின் கோடு போட்ட பருத்தித் துணிகளோ கப்பலேறி ஜப்பானுக்குச் சென்றன. அந்தக் கோட்டுத் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'சன்தோமே'. சாந்தோமின் பெயர்தான்!

மகள் சமாதி மேடையில் உட்கார்ந்துவிட்டாள். "நாகசாகியா? நம் பொன்னேரிக்குப் பக்கத்திலா?" என்று இரண்டு முறை கேட்டாள். அந்தக் காசில் பொறித்திருந்த எழுத்துகள் என்ன தெரியுமா என்றேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதலெழுத்துகள் மூன்று: வி, ஓ, சி. ஒரு கணம் விழித்தவள், காலையில் கடந்த நிலையத்தின் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்ததும் கல்லறை என்றும் பாராமல் உரக்கச் சிரித்தாள். கம்பெனிக் கப்பலை எதிர்த்துக் கப்பல் விட்டவருக்கும், கம்பெனிக்கும் ஒரே மூன்றெழுத்து! நானும் சிரித்தேன். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன்.

இதே வணிகர்கள் இந்தக் கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள் என்பதையும், இக்கரையின் ஏழைகளை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிரிப்பு அடங்கியது. சமாதிகளின் வாசகங்களில் அம்மக்களைப் பற்றி ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். அவர்களுக்குக் கல்வெட்டு ஏது என்றேன்.

ஏரிக்கரையில் எங்களுக்குள் சிறு பூசல். அவளுக்குப் படகில் போக ஆசை. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அதை நினைத்துக்கொண்டு நான் மறுத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லியும் அவள் முகம் தெளியவில்லை. வறுத்த இறாலும் நண்டுக் குழம்பும்தான் சமாதானம் செய்து வைத்தன. பாலத்தின் மேல் நின்று பார்த்தபோது, தொலைவில் நீரின் விளிம்பில் வெளிர்ச் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பூநாரைகள். குளிர்காலத்தில் அவை வருவதற்குக் காரணம் சேற்றில் கிடைக்கும் இரை. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து அடிக்கடி தூர்ந்துபோகிறது என்றும், அது அடைபட்டால் இறாலும் இல்லை, மீனும் இல்லை என்றும் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் விளக்கினார். இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போட வேண்டும் என்று முறை வைக்கும் 'பாடு' என்னும் பழைய ஏற்பாட்டையும் அவரே சொன்னார். "இதுவும் ஒரு கால அட்டவணைதான்" என்று மகள் என் காதில் சொன்னாள். இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டி ஒன்றைத் தாய்க்கென்று வாங்கினாள்.

திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். பொன்னேரி நிலையத்தில் அவள், "கும்மிடிப்பூண்டி இன்னும் இரண்டே நிலையம்தானே?" என்றாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றேன். "நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டாமா?" என்றாள்.

கவரைப்பேட்டையை வண்டி மெல்லக் கடந்தது. 2024 அக்டோபர் 11 இரவு பாக்மதி விரைவு வண்டி, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது இங்கேதான். "அன்று அம்மா உங்களுக்கு எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தார்கள் தெரியுமா? நீங்கள் உலைக்கூடத்தில் இருந்தீர்கள். நானும் தூங்கவில்லை" என்றாள். அவள் விழித்திருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

கும்மிடிப்பூண்டி நிலையத்திலிருந்து அறை வரை நடந்தோம். உருக்காலைகளின் கருந்தூசு படிந்த வேலிக்காத்தான், இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய தேநீர்க் கடைப் பலகைகள், பணி முடிந்து சைக்கிளில் வரும் பீகார் இளைஞர்கள். எதையும் நான் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அறையில் நான்கு கட்டில்கள். என் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த படத்தை அவள் சற்று நேரம் பார்த்தாள்.

"அப்பா, இது ஆறாம் வகுப்பில் எடுத்தது."

அந்தப் படம் பழையதாகிவிட்டது என்பதே எனக்குத் தோன்றியதில்லை. பிளஸ் ஒன் சேர்க்கைக்காக எடுத்த புகைப்படம் ஒன்று அவளுடைய கைப்பையில் இருந்தது. சோற்றுப்பருக்கை தேடி, கிடைக்காமல், பழைய படத்தின் ஓரத்தில் அதைச் செருகி வைத்தாள். கும்மிடிப்பூண்டி என்று தலைப்பிட்ட பக்கத்தில் நான்கு கட்டில்களை வரைந்தாள். என்னுடையது எது என்று கேட்டு, அதற்கு மட்டும் வண்ணம் தீட்டினாள். இரவு ஒன்பதரைக்குத் திருவள்ளூர் வந்து சேர்ந்தபோது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போல் புறப்பட்டேன். வண்டி வ.உ.சி. நகரில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே அமர்ந்திருந்தவர் என்னவென்று கேட்டார். செம்பிலிருந்து தொடங்குவதா, நாகசாகியிலிருந்து தொடங்குவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் திருவொற்றியூர் வந்து அவர் இறங்கிவிட்டார்.