பேய் வேஷமும் கல்லறைத் திருநாளும்

சென்னையில நாங்க இருக்குற அடுக்குமாடிக் குடியிருப்புல ரெண்டு மூணு வருஷமா ஹாலோவீன் கொண்டாடுறாங்க. 2024ல அக்டோபர் 31 தீபாவளியா போச்சா, அதனால முந்தின சனிக்கிழமையே கொண்டாடி முடிச்சுட்டாங்க. எங்க வீட்டுச் சின்னதுக்கு அப்ப ஏழு வயசு. என்னோட பழைய வேட்டியில ரெண்டு ஓட்டை போட்டு அவளும் பேயாகிட்டா :-) பை நிறைய சாக்லேட்டோட வந்தவ, ராத்திரி படுக்கும்போது கேட்டா பாருங்க ஒரு கேள்வி.

"அப்பா, அப்பத்தாவும் இப்போ இப்படித்தான் இருப்பாங்களா?"

எனக்குத் தூக்கம் போச்சு. எங்கம்மா இறந்தது 2021 மே மாசம், கொரோனா சமயம். நான் ராயப்பன்பட்டி போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை ஊருக்குப் போயும் கல்லறைப் பக்கம் நான் போகவே இல்ல. நேரமில்ல, மழை, அடுத்த தடவை பாத்துக்கலாம்னு ஏதாவது ஒரு சாக்கு. அப்பத்தாவை எங்க வச்சிருக்குன்னே பிள்ளைகளுக்குக் காட்டல. அப்புறம் செத்தவங்கன்னா அவளுக்கு வெள்ளை வேட்டிப் பேய்தானே ஞாபகம் வரும்?

இதுல வேடிக்கை என்னன்னா, ஹாலோவீன்ங்கிற பேருக்கே 'புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி'ன்னுதான் அர்த்தம். நவம்பர் 1 சகல புனிதர்கள் திருநாள், 2 கல்லறைத் திருநாள். முந்தின ராத்திரியைப் பிடிச்சுக்கிட்டு மத்த ரெண்டு நாளையும் விட்டுட்டாங்க! இதுக்கு மாத்தா பாரிஸ்ல 2002ல 'ஹோலிவின்ஸ்'னு ஆரம்பிச்சு, பிள்ளைகளுக்குப் புனிதர் வேஷம் போட்டுவிடுறாங்க. அமெரிக்காவுல சர்ச்சுக்குப் போற குடும்பங்கள் பூசணித் தோட்டம், ஆப்பிள் பறிக்கிறதுன்னு கிளம்பிடுறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா கம்பம் பள்ளத்தாக்குல இலையுதிர் காலத்துக்கு நான் எங்க போக? இங்க ஐப்பசின்னா அடைமழைதான்.

சரி, நம்மகிட்ட இருக்குறதையே காட்டுவோம்னு தீபாவளி லீவுக்குக் குடும்பத்தோட ஊருக்குக் கிளம்பிட்டேன். நவம்பர் 1 வெள்ளிக்கிழமையும் அரசாங்க விடுமுறை விட்டிருந்தாங்க.

அக்டோபர், ஜெபமாலை மாதம். 1883ல பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் இந்த மாசம் முழுக்க ஜெபமாலை சொல்லணும்னு கேட்டுக்கிட்டார். 31ஆம் தேதி ராத்திரி கடைசி நாள் ஜெபமாலை. வெளியில தீபாவளி வெடி, உள்ள நாங்க வட்டமா உக்காந்து அருள் நிறைந்த மரியே. சின்னவ பாதியிலயே தூங்கிட்டா.

மறுநாள் காலையில மண்வெட்டி, சுண்ணாம்பு வாளியோட கல்லறைக்குப் போனோம். பிள்ளைங்க புல்லைப் பிடுங்கினாங்க, தண்ணி ஊத்திக் கழுவினாங்க, சுண்ணாம்பு அடிச்சாங்க (கல்லறையில பாதி, டிரஸ்ல பாதி). அண்ணன் கறுப்பு பெயிண்டையும் பிரஷையும் என் கையில குடுத்து, "மூணு வருஷமா நான்தான்டா அம்மா பேரை எழுதுறேன். இந்த வருஷம் நீ எழுது"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். வேற ஒண்ணும் கேக்கல. எனக்குக் கை நடுங்கிப் போச்சு. "அப்பா, கோணலா இருக்கு"ன்னு சின்னவ சொன்னப்புறம்தான் நிமிர்ந்தேன்.

"பெரியம்மா, அப்பத்தா உள்ளயா இருக்காங்க?"

"உடம்பு இங்க இருக்கு தங்கம். அவுக சாமிகிட்ட இருக்காக. நம்ம வேண்டிக்கிட்டா அவுகளுக்கு நல்லது"ன்னாங்க அண்ணி. அவ சரின்னு தலையாட்டிட்டு மறுபடியும் சுண்ணாம்பு அடிக்கப் போயிட்டா.

மத்தியானம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போனேன். (2023ல நம்ம கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது தெரியும்ல?) பூசணித் தோட்டத்துக்கு இது ஒண்ணும் குறைச்சல் இல்ல.

2ஆம் தேதி சாயந்திரம் சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிச்சார். செவ்வந்தி மாலை, சாம்பிராணி, எங்க பாத்தாலும் மெழுகுவர்த்தி. தூறல் வந்து அணைக்கப் பாத்துச்சு. அண்ணன் கொட்டாங்குச்சிக்குள்ள மெழுகுவர்த்தியை நிறுத்திப் பிள்ளைககிட்ட குடுத்தான். பூசணிக்கு முன்னாடி அயர்லாந்துல டர்னிப் கிழங்கைக் குடைஞ்சுதான் விளக்கு வச்சாங்களாம். எங்களுக்குக் கொட்டாங்குச்சி :-) இருட்டுற வரைக்கும் அவ அப்பத்தா பக்கத்துலயே உக்காந்திருந்தா. பயமே இல்ல.

குடியிருப்புல போய் யார்கூடயும் நான் சண்டை போடல. பேய் வேஷம் போடாதன்னு பிள்ளையையும் தடுக்கல. பதிலுக்கு ஒரு பார்ட்டி வைக்கிறதைவிட, பிள்ளைகளை ஒரு தடவை கல்லறைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன். நவம்பர் 1லருந்து 8 வரைக்கும் கல்லறைக்குப் போய் இறந்தவங்களுக்காக வேண்டினா, உரிய முறைப்படி அவங்களுக்குப் பரிபூரண பலன் உண்டுன்னு திருச்சபையே சொல்லுது. 2ஆம் தேதி முடியலைன்னாலும் ஒரு வாரம் இருக்கு.

2025 அக்டோபர்ல குடியிருப்புல மறுபடியும் ஹாலோவீன் நோட்டீஸ் ஒட்டினாங்க. சின்னவ அதைப் படிச்சுட்டு வந்து என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்.

"அப்பா, சுண்ணாம்பு அடிக்க எப்போ போறோம்?"