கம்பி விட்டுப் பார்க்காம வாங்காதே

போன ஞாயிற்றுக்கிழமை மருமகனோட வேலை பார்க்கிற நாலு பேர் சென்னையிலிருந்து தோட்டம் பார்க்க வந்திருந்தாங்க. நல்ல பிள்ளைங்க. வாழைத்தாரைத் தூக்கிப் பார்த்தாங்க, மிளகுக்கொடியைத் தடவிப் பார்த்தாங்க. கிளம்புற நேரத்துல ஒரு தம்பி கேட்டாரு: "ஐயா, உங்ககிட்ட துப்பாக்கி இருக்காமே, ஒரு தடவை கையில பிடிச்சு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

மாட்டேன்னு சொல்லிட்டேன். தம்பி முகம் சுண்டிப் போச்சு. விருந்தாளியை இப்படி அனுப்பிட்டமேன்னு எனக்கும் ராத்திரி தூக்கம் வரல. அதுக்குக் காரணம் என்னன்னு அவருக்கும் சேர்த்து இதை எழுதுறேன்.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்கு விவசாயிக்கு எதுக்குத் துப்பாக்கின்னு தோணும். எங்க தோட்டம் திண்டுக்கல் பக்கம் மலையில இருக்கு. மலைவாழை, காப்பி, மிளகு. ராத்திரி ஒரு பன்னிக்கூட்டம் இறங்குச்சுன்னா விடியறதுக்குள்ள வாழைக்கன்னு மொத்தமும் கிழங்கோட மண்ணுல கிடக்கும். அதுக்காகப் பயிர்ப் பாதுகாப்புன்னு சொல்லி அப்பா வாங்கின லைசென்ஸ். அவர் காலத்துக்கு அப்புறம் மனு போட்டு, தாசில்தார் விசாரணை, போலீஸ் விசாரணை எல்லாம் முடிஞ்சு என் பேருக்கு வந்துச்சு.

துப்பாக்கின்னதும் சினிமாவுல வர்றதை நினைக்காதீங்க. ஒத்தைக் குழல். வாய் வழியா கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வச்சு, நீளக் கம்பியால கெட்டிக்கணும். அப்புறம் பின்னால குதிரைக்கு அடியில ஒரு சின்ன கேப்பை மாட்டணும். நான் போடுறது வெறும் மருந்து மட்டும்தான். சத்தத்துக்கே பன்னி ஓடிரும். கொல்லக் கூடாது. அது 1972-ஆம் வருசத்து வனவிலங்குச் சட்டத்துல வர்ற விலங்கு. கொன்னா கேஸ்.

இந்த வகைத் துப்பாக்கியில ஒரு ஆபத்து இருக்கு. உள்ள மருந்து இருக்கா இல்லையான்னு வெளியில இருந்து பார்த்தா தெரியாது. தெரிஞ்சுக்க ஒரே வழி, கெட்டிக்கிற கம்பியைக் குழலுக்குள்ள விட்டுப் பார்க்கிறது. அப்பா அந்தக் கம்பியில அரத்தால ஒரு கோடு போட்டு வச்சிருக்காரு. குழல் காலியா இருந்தா கோடு சரியா குழல் வாய்க்கு வந்து நிக்கும். மருந்து இருந்தா கோடு மேலேயே நின்னுரும். "யாருகிட்ட இருந்து வாங்கினாலும் கம்பி விட்டுப் பார்க்காம வாங்காதே, நானே குடுத்தாலும் சரி" என்பார்.

2024-ல பக்கத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஒருத்தர் மரவள்ளி போட்டிருந்தாரு. வெளியூர்க்காரர். வந்து ஆறு மாசம் இருக்கும். வாய் நிறைய அண்ணே அண்ணேன்னு கூப்பிடுவாரு. அதுக்கு முந்தின மாசம் என் வீட்டுக்காரிக்கு நடுராத்திரி நெஞ்சுவலி வந்தப்ப, ஒரு வார்த்தை கேட்காம ஜீப்பை எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தவர் அவர்தான். டீசல் காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டாரு.

மார்ச் மாசம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாரு. "அண்ணே, மூணு நாளா பன்னி கிழங்கைத் தோண்டுது. இன்னைக்கு ஒரு ராத்திரி துப்பாக்கியைக் குடுங்க. சத்தம் மட்டும் போட்டுட்டு காலையில கொண்டாந்துர்றேன்" என்றாரு.

குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். லைசென்ஸ் இல்லாதவர் கையில துப்பாக்கி இருக்கணும்னா நான் கூட இருக்கணும். இல்லேன்னா ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ நான் எழுதிக் குடுத்த கடிதத்தோட அவர் கொண்டு போகணும். 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. நான் கூடப் போயிருக்கணும். எனக்கு அன்னைக்கு முட்டிவலி. ஜீப்பை நினைச்சேன். ஒரு தடவைக்கு மருந்தும் ஒரு கேப்பும் சேர்த்துக் குடுத்தனுப்பிட்டேன்.

காலையில சொன்னபடி கொண்டாந்து குடுத்தாரு. "பன்னியே வரலண்ணே, வெடிக்கல" என்றாரு. வாங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, மார்ச் 16, பார்லிமென்ட் தேர்தல் தேதி அறிவிச்சாங்க. தேர்தல்னா லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். போன் வந்துச்சு. திங்கட்கிழமை கொண்டு போகலாம்னு ஞாயிற்றுக்கிழமை முற்றத்துல உட்கார்ந்து துடைச்சேன். துடைச்ச பிறகு உள்ள இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போக ஒரு வெறும் கேப்பை மாட்டித் தட்டுறது என் பழக்கம். டப்புன்னு கேட்கும். அந்தச் சத்தம்னா பேரனுக்கு ரொம்ப இஷ்டம். ஆறு வயசு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு எதுத்தாப்ல திண்ணையில உட்கார்ந்திருந்தான்.

கேப்பை எடுத்துட்டேன். அடுப்படியில இருந்து வீட்டுக்காரி கேட்டா: "அந்த மனுசன் திருப்பிக் குடுத்ததுக்கப்புறம் கம்பி விட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்கல. அவர்தான் வெடிக்கலன்னாரே. ஆனா வெடிக்கலன்னா மருந்து எங்கே? அது அப்பத்தான் உறைச்சுச்சு.

கம்பியை விட்டேன். கோடு நாலு விரக்கடை மேலேயே நின்னுருச்சு.

என் கை நடுங்கினது நிக்க ரொம்ப நேரம் ஆச்சு. பேரனை உள்ள போகச் சொன்னேன். ஏன் தாத்தா, ஏன் தாத்தான்னு அழுதுக்கிட்டே போனான். குழலுக்குள்ள தண்ணி ஊத்தி ஊறவச்சு, திருகு வச்ச கம்பியால கொஞ்சம் கொஞ்சமா இழுத்தேன். முதல்ல நார் வந்துச்சு. அதுக்குப் பின்னால அஞ்சு சைக்கிள் பால்ரஸ். அப்புறம்தான் மருந்து.

பால்ரஸ் நான் குடுத்தது இல்ல. அப்ப அவர் சத்தம் போடப் போகல, பன்னியை அடிக்கத்தான் போயிருக்காரு. அன்னைக்குப் பன்னி வந்து விழுந்திருந்தா துப்பாக்கி நம்பர் யாரு பேருல இருக்கு? பன்னி வராததால நான் ஜெயிலுக்குப் போகல. என் வீட்டுக்காரி கேட்டதால பேரன் இருக்கான்.

அந்த அஞ்சையும் கொண்டு போய் அவர் கையில வச்சேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தாரு. "கேப்பைக் கழட்டிட்டேன்லண்ணே, அதான் காலின்னு நினைச்சேன்" என்றாரு. அவர் பொய் சொல்லல. நிஜமாவே அவருக்குத் தெரியல. கேப்பு இல்லேன்னா துப்பாக்கி வெறும் குழாய்னு நினைச்சிருக்காரு. என்னால திட்ட முடியல. தெரியாதவர் கையில தெரிஞ்சே குடுத்தது நான்தானே.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனேன். புதுசா மாறி வந்த ஏட்டையா, நான் அதுவரை பார்த்ததே இல்ல. லைசென்ஸ் புக்கை வாங்கி நம்பரைச் சரிபார்த்தாரு. "காலியா?" என்று கேட்டாரு. ஆமாங்கய்யா என்றேன். என் பேச்சை அவர் நம்பல. கம்பியை வாங்கி அவரே உள்ள விட்டுப் பார்த்துட்டுத்தான் ரசீது எழுதினாரு. முந்தின வருசமா இருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். அன்னைக்கு மனசு குளிர்ந்து போச்சு. என்னை நம்பாம சோதிச்சுப் பார்த்த அந்த மனுசனை நம்பி, ரெண்டரை மாசத்துக்கு மேல துப்பாக்கியை விட்டுட்டு வந்தேன். வாழையில கொஞ்சம் பன்னிக்குப் போச்சு. போகட்டும்.

ஜூன் 4 ரிசல்ட் வந்து, அடுத்த வாரம் வாங்கப் போனேன். அதே ஏட்டையா. துப்பாக்கியை நீட்டும்போதே, "நீங்களும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்கிக்குங்க" என்றாரு. பார்த்தேன். கோடு சரியா குழல் வாயில வந்து நின்னுச்சு.

குத்தகைக்காரர் அந்த வருசக் கடைசியில குத்தகையை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாரு. இப்பவும் பொங்கலுக்குப் போன் பண்ணுவாரு. ஜீப்பு எடுத்துட்டு வந்த ராத்திரியை நான் மறக்கல. அவருக்கு நான் எதுவும் குடுப்பேன், துப்பாக்கியைத் தவிர.

அதனால அந்தச் சென்னைத் தம்பிக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். உங்களை நம்பாம இல்ல தம்பி. என்னையே நான் அந்த விசயத்துல நம்புறது இல்ல. அடுத்த தடவை வந்தா அந்தக் கம்பியைக் காட்டுறேன், அப்பா போட்ட கோட்டைப் போட்டோ எடுத்துக்குங்க. வாழைத்தாரு ஒண்ணு உங்களுக்குன்னு பழுக்க வச்சுத் தர்றேன்.