ஆளறியாக் காவலன்

திருடனுக்காக வைத்த காவலன் வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? தற்கால மோட்டார் வண்டிகளில் இந்த விபரீதம் உண்டு. சாவியின் தலைக்குள் ஒரு சிறு ‘சிப்’ இருக்கிறது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதனிடம் இரகசிய எண்ணைக் கேட்கும். எண் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. ‘இம்மொபிலைசர்’ எனப்படும் இந்த ஏற்பாடு பிரிட்டனில் 1998 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று.

சென்ற ஆண்டு அரசாங்கப் பரீட்சையன்று, நான்கு மாணவர்களை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பினோம். எஞ்சின் ஒரு கணம் உறுமி அடங்கிற்று. சாவி வடிவ விளக்கு மினுக்கியது. மணி அடிக்க அரை மணி நேரமே இருந்தது. பையன்களின் முகம் வெளுத்துவிட்டது. நம் சாவி வளையத்தில் தம்பியின் கார்ச் சாவியும் தொங்கிற்று. இரண்டு சிப்புகள் அருகருகே இருந்தால் பூட்டு குழம்புவதுண்டு. அதைக் கழற்றினோம், வண்டி கிளம்பிற்று. பையன்களும் பரீட்சை எழுதினார்கள்.

ஆகையால் நேயர்களே, மெக்கானிக்கைத் தேடுமுன் அயல் சாவிகளை விலக்குங்கள். பாட்டரி பலவீனமா என்று பாருங்கள். மாற்றுச் சாவியைப் போடுங்கள். அதில் ஓடினால் பெரும்பாலும் குற்றம் முதற்சாவியினுடையதே. காவலனை நொந்து பயனில்லை. அவன் எண்ணை அறிவானேயன்றி எஜமானனை அறியான்!