முளையடிக்கும் கைகள்

குடும்பத்தோடு வெளியில் கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானதும் பெரியவர்கள் பட்டியல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அடுப்பு, விளக்கு, பாய், மழைக்கோட்டு, மருந்துப் பெட்டி. பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்பதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. உண்மையில் முதலில் எழுத வேண்டியது அதுதான். ஏன் என்பதை ஒரு பழைய கதை சொல்லும்.

பொழுதுபோக்குக்காகக் கூடாரமடிக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பிய தாமஸ் ஹைராம் ஹோல்டிங் ஒரு தையற்காரர். சைக்கிளில் கட்டிச் செல்லும் அளவுக்கு லேசான கூடாரங்களைப் பட்டுத் துணியில் தைத்தார். 1901-ல் சைக்கிள் முகாம்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். 1908-ல் அவர் எழுதிய ‘தி கேம்பர்ஸ் ஹேண்ட்புக்’ பல நூறு பக்கங்களுக்கு விரியும் கையேடு.

அவருடைய கூடார மோகத்தின் வேர் 1853-ல் இருக்கிறது. அப்போது அவர் சிறுவன். பெற்றோருடன் வண்டித் தொடர் ஒன்றில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்தவர்.

அந்தக் காலத்து வண்டிப் பயணங்கள் உல்லாசமானவை அல்ல. வண்டிக்குள் மாவு மூட்டைகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் நிறைந்திருக்கும். நடக்க முடிந்தவர்கள் எல்லோரும், பிள்ளைகள் உட்பட, வண்டியோடு நடந்தார்கள். மாடுகளின் வேகத்தில் நாளொன்றுக்கு சுமார் 24 கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல நாள். காலராவுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் பலியானவர்கள் ஏராளம். மரமே இல்லாத வெளியில் சமைக்க விறகுக்கு எங்கே போவது? பைசன்களின் காய்ந்த சாணம்தான் எரிபொருள். தொடவே கூசிய பெண்கள் சில வாரங்களில் வெறுங்கையால் அள்ளினார்கள். பொறுக்கி வருவது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை. அவர்கள் கொண்டுவந்தால்தான் அன்றைக்கு அடுப்பு எரியும்.

எவ்வளவு பெரிய பொறுப்பு! அன்றைய ஆபத்துகள் இன்று யாருக்கும் வேண்டாம். அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு மட்டும் இன்றைய பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தை முளைகளை எண்ணிப் பையில் போடும். பத்து வயதுப் பிள்ளை மரச்சுத்தியலால் முளையைச் சாய்வாக அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டும். மேடான இடம் எது, மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் அவர்களிடமே விடலாம். பெரியவர்கள் ஒருமுறை சரிபார்த்தால் போதும். முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மொட்டைமாடியில் ஓர் ஒத்திகை நடத்தலாம். அங்கே முளையடிக்க முடியாது; கயிறுகளைத் தண்ணீர்க் குடங்களில் கட்டிக்கொள்ளலாம். எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு சேரும் என்பது அன்றே பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.