பத்திலிருந்து கழித்தால்

மத்திகிரியில் காலை ஷிஃப்ட் பஸ் ஏறுகிற யாரிடமும் 'இன்ஸ்பெக்‌ஷன்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சிப்காட்டில் எத்தனையோ பேருக்கு அதுதான் சோறு போடுகிறது. வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ-நோகோ கேஜ். பீஸ் கேஜுக்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். அதைக் கடைந்தவர் யார், அவர் சீனியரா, ராத்திரி தூங்கினாரா என்று கேஜ் கேட்பதில்லை.

விளையாட்டு உலகத்தில் இந்த கேஜ் மாதிரி ஆகவேண்டும் என்று ரொம்பப் பாடுபட்ட ஆட்டம் ஜிம்னாஸ்டிக்ஸ். ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கிறது, கால்பந்துக்குக் கோல் இருக்கிறது. இதற்கு மனிதக் கண்தான். அந்தக் கண்ணை நம்பி ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மார்க் போடுகிறார்கள். 15.066, 13.566 என்றெல்லாம். கேட்கவே வேடிக்கையாக இருக்கும். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் அது அத்தனை மோசமான முறையும் அல்ல. மோசம் என்றால் அது இன்னொரு மேசையில் நடக்கிறது. அதற்கு அப்புறம் வரலாம்.

முதலில் மார்க் எப்படி விழுகிறது? பழைய காலத்து 'பெர்ஃபெக்ட் 10' கதை எல்லாருக்கும் தெரியும். 1976-ல் மான்ட்ரியலில் நாடியா கொமனெச்சி வாங்கியது. அந்த முறை 2006-ல் போய்விட்டது. இப்போது இரண்டு குழுக்கள். ஒரு குழு, செய்த வித்தை எவ்வளவு கஷ்டமானது என்று மட்டும் பார்க்கும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. இன்னொரு குழு, எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று பார்க்கும். அவர்கள் 10-ல் தொடங்கிக் கழித்துக்கொண்டே போவார்கள். முட்டி லேசாக மடங்கினால் 0.1, கொஞ்சம் பெரிய தப்பென்றால் 0.3, அதைவிடப் பெரியது 0.5, விழுந்தால் முழுசாக 1. இந்தக் குழுவில் பல நடுவர்கள் தனித்தனியாக மார்க் போடுவார்கள். அதில் கூடுதலையும் குறைவையும் தூக்கிவிட்டு நடுவில் உள்ளவற்றின் சராசரியை எடுப்பார்கள். இரண்டு குழுவின் எண்களையும் கூட்டினால் மொத்தம். நம்மூர் குவாலிட்டி ஆட்கள் பார்த்தால் "பரவாயில்லையே" என்பார்கள்.

இந்த மாற்றம் சும்மா வரவில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென்கொரியாவின் யாங் டே-யங் பாரலல் பார்ஸில் செய்த வரிசைக்கு 10 ஆரம்ப மதிப்பு கொடுத்திருக்க வேண்டும். நடுவர்கள் 9.9 என்று எழுதிவிட்டார்கள். அந்த 0.1-ல் அவர் வெண்கலத்தோடு நின்றார். தங்கம் வாங்கிய அமெரிக்கரான பால் ஹாமுக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.049-தான். மூன்று நடுவர்களை சஸ்பெண்ட் செய்தார்கள், விளையாட்டு நடுவர் மன்றம் வரை வழக்கு போனது, முடிவு மாறவில்லை.

கேஜே தப்பாக இருந்த கதையும் உண்டு. 2000 சிட்னி ஒலிம்பிக் பெண்கள் ஆல்ரவுண்ட் போட்டியில் வால்ட் 125 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் குறைத்து வைத்துவிட்டார்கள். உலகத்திலேயே சிறந்த பெண்கள் வரிசையாக வந்து தடுமாறுகிறார்கள், விழுகிறார்கள், யாருக்கும் காரணம் புரியவில்லை. கடைசியில் ஆஸ்திரேலியப் பெண் அலானா ஸ்லேட்டர்தான் உயரம் சரியில்லை என்று கண்டுபிடித்தார். அளந்து பார்க்க ஒரு டேப் போதுமாக இருந்தது! ஓசூரில் ஒரு சின்ன லேத் பட்டறையில்கூட கேஜ் மேல் கேலிபிரேஷன் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பார்கள்.

வால்ட் என்பது ஆதியில் குதிரை. சிப்பாய்கள் ஏறிப் பழக வைத்திருந்த மரக்குதிரையின் வம்சம். ஆண்களின் ஒரு கருவிக்கு இன்றைக்கும் 'பொம்மெல் ஹார்ஸ்' என்றுதான் பேர். வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்கு நிஜக் குதிரை வளர்த்த மத்திகிரியில், இந்த மரக்குதிரையைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சந்தேகம்தான். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியாவில் முக்கால்வாசி ஊர்களில் அதே நிலைதான்.

அப்படிப்பட்ட ஒரு ஊரிலிருந்து வந்தவர்தான் தீபா கர்மாகர். ஊர் திரிபுராவின் அகர்தலா. ஆறு வயதில் ஆரம்பித்தபோது பாதம் தட்டை. தரையை உதைத்து எழும்ப வேண்டிய ஆட்டத்தில் தட்டைப் பாதம் பெரிய குறை. சின்ன வயதிலேயே உடம்பை அளந்து பிள்ளைகளைப் பொறுக்கும் நாடுகளில் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கோச் பிஷ்வேஷ்வர் நந்தி அனுப்பவில்லை. நல்ல கருவி இல்லாத நாளில் பழைய ஸ்கூட்டர் பாகங்களை வைத்துச் செய்த சாமானில் பழகியதாகச் சொல்வார்கள். ஸ்கூட்டர் செய்கிற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் யோசிக்கலாம் :)

2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் வெண்கலம். 2015 உலகப் போட்டியில் வால்ட் இறுதியில் 5-வது இடம். அங்கேயும் ஒலிம்பிக் டிக்கெட் கிடைக்கவில்லை. 2016 ஏப்ரலில் ரியோவிலேயே நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் நாலு கருவிகளிலும் சேர்த்து 52.698 எடுத்துத்தான் உள்ளே போனார். இந்தியாவிலிருந்து ஒரு ஜிம்னாஸ்ட் ஒலிம்பிக் போவது 52 வருஷத்துக்கு அப்புறம். பெண்களில் அவர்தான் முதல்.

ரியோ இறுதிப் போட்டியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். வால்ட் இறுதியில் இரண்டு தாண்டல், இரண்டின் சராசரி. தீபாவின் முதல் தாண்டல் சுகாஹாரா வகை: கஷ்டத்துக்கு 6.0, சுத்தத்துக்கு 8.866. இரண்டாவது புரொடுனோவா. கைகளை மேசையில் ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் அடித்து இறங்குவது. கொஞ்சம் பிசகினால் கழுத்துக்கு ஆபத்து. அதனால் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்கள்தான் அதைப் போட்டியில் செய்திருக்கிறார்கள். அன்றைய விதியில் அதற்கு 7.0. தீபா சுற்றி முடித்து இறங்கினார், ஆனால் இறங்கியபோது உடம்பு ரொம்பக் கீழே போய்விட்டது. சுத்தத்துக்கு 8.266. மொத்த சராசரி 15.066. வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.15. சராசரி என்பதால் இரண்டு தாண்டலையும் கூட்டினால் 0.3. அதாவது விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு நடுத்தரத் தப்பு.

நாலாவது இடம். நாடே அழுதது. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள், யாரும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. எங்கே எவ்வளவு போனது என்பது பேப்பரில் இருக்கிறது. தோற்றவருக்கும் கணக்கு புரிகிறது. அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிகிறது. அந்த மேசையின் அழகு அதுதான்.

இனி அந்த இன்னொரு மேசை. ஒலிம்பிக்குக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்யும் மேசை.

அமெரிக்கா, சீனா போன்ற நாடுகளுக்கு இங்கே ஆள் மிதமிஞ்சிப் போவதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் 2024-ல் டிரயல்ஸில் முதலிடம் பிடித்த பெண்ணுக்கு நேரடி இடம், மீதி நாலு பேரை ஒரு கமிட்டி தேர்ந்தெடுத்தது. குழு இறுதியில் ஒவ்வொரு கருவிக்கும் மூன்று பேர் ஏறுவார்கள், மூன்று மார்க்கும் எண்ணப்படும். ஆகவே நாலு கருவியிலும் சுமாராகச் செய்பவரைவிட, ஒரே கருவியில் பிரமாதமாகச் செய்பவர் சில சமயம் பயன்படுவார். கணக்குப் போட்டுத்தான் ஆளை எடுக்க வேண்டும். அதிலும் கொடுமை உண்டு. 2012 லண்டனில் உலக சாம்பியன் ஜோர்டின் வீபர் தகுதிச் சுற்றில் உலகத்திலேயே 4-வது. ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான் என்ற விதியால், மூன்றாவது அமெரிக்கரான அவருக்கு ஆல்ரவுண்ட் இறுதியில் இடமில்லை.

இந்தியாவின் பிரச்சினை நேர் எதிர். ஆளே ஒருவர் இருவர்தான். அவர்களையாவது ஒழுங்காக அனுப்புகிறோமா?

2021 அக்டோபரில் தீபாவிடம் எடுத்த மாதிரியில் ஹைஜெனமைன் என்ற தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 21 மாதத் தடை. எப்படி உடம்பில் வந்தது என்றே தெரியவில்லை என்று அவர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் சட்டம். இதில் அவருக்காக வாதாட வேண்டியதில்லை. தண்டனை கொடுத்தார்கள், அவர் அனுபவித்தார். 2023 ஜூலை 10-ல் தடை முடிந்தது. அந்த ஜூலையிலேயே புவனேஸ்வரில் ஆசிய விளையாட்டுக்கான டிரயல்ஸ். தீபா போனார். 47.05 எடுத்து முதலிடம் வந்தார்.

அனுப்பவில்லை.

காரணம் ஒரு விதி. தனிநபர் போட்டியில், கடந்த 12 மாதத்தில் காட்டிய திறமை, முந்தைய ஆசிய விளையாட்டில் 8-வது இடம் பிடித்தவரின் அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். விளையாட்டு அமைச்சகத்தின் விதி. விதியில் தப்பில்லை. சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் பெரிய படையை அனுப்பக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் 21 மாதம் போட்டியில் இறங்கவே கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவரிடம் 12 மாதக் கணக்கு கேட்டால் அவர் எங்கே போவார்? தண்டனை ஜூலை 10-ல் முடிந்தது என்று ஒரு காகிதம் சொல்கிறது, முடியவில்லை என்று இன்னொரு காகிதம் சொல்கிறது. தேர்வுக்கு ஒரு நாள் வைத்து, வந்து தாண்டு என்று சொல்லி, முதலிடம் வந்தபிறகு பழைய ஃபைலைத் திறப்பதென்றால் அந்த டிரயல்ஸ் எதற்கு? காரணத்தைத் தன்னிடம் முறையாகச் சொல்லவில்லை என்றும் அவர் எழுதினார்.

இதே விதியில் தளர்த்தவும் இடம் இருந்தது. அதே ஜூலையில் தளர்த்தவும் செய்தார்கள், கால்பந்துக்கு! ஆசியாவில் முதல் 8 இடத்துக்குள் இல்லாததால் இந்தியக் கால்பந்து அணிகளை அனுப்ப முடியாது என்று முதலில் சொன்னார்கள். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், பயிற்சியாளர் வெளிப்படையாக வேண்டுகோள் வைத்தார், விதி வளைந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளும் சீனாவின் ஹாங்சோவுக்குப் போயின. போனது நல்லதுதான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஜிம்னாஸ்டிக்ஸுக்குக் கூச்சல் போட ஆள் இல்லை, அவ்வளவுதான். ஹாங்சோவில் பிரனதி நாயக் தனியாக நின்று வால்ட் இறுதி வரை போய் 8-வது வந்தார்.

இதே பிரனதி 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் போனது எப்படி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரோனாவால் ஆசிய சாம்பியன்ஷிப் ரத்து. ஆசியாவுக்கான இடங்களை என்ன செய்வது? 2019 உலகப் போட்டி முடிவுகளை எடுத்து அதன்படி கொடுத்தார்கள். இலங்கையின் மில்கா கெஹானிக்கும் இப்படித்தான் இடம் கிடைத்தது, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்ட் அவர். ஏறக்குறைய இரண்டு வருஷப் பழைய மார்க். போட்டியே நடக்காத காலத்தில் வீரரிடம் புது மார்க் கேட்க முடியாது என்று உலக அமைப்புக்குப் புரிந்தது. கொரோனாவும் தடையும் ஒன்றல்ல என்று யாராவது வாதிடலாம். நியாயமான வாதம்தான். ஆனால் தடை முடிந்தது என்றால் முடிந்ததுதானே?

அதே டோக்கியோவில் தீபக் காப்ரா என்ற இந்தியர் நடுவராக உட்கார்ந்தார். ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் நடுவரான முதல் இந்தியர். அவரும் முன்னாள் வீரர். உலகமே நம்பும் அளவுக்குக் கண் உள்ளவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரச்சினை கண்ணில் இல்லை. தேசிய சம்மேளனத்துக்கு அங்கீகாரம் உண்டா இல்லையா என்ற சண்டையிலேயே இங்கே பல வருஷம் போனது.

மத்திகிரியில் ஏழு வயசுப் பெண் குழந்தை ஒன்று தெருவில் சக்கரம் அடிக்கிறது என்று வையுங்கள். ஒலிம்பிக் வர 16 வயசு ஆக வேண்டும், ஒன்பது வருஷம் இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் இடம் பெங்களூரில் கிடைக்கும், நாற்பது கிலோமீட்டர், அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி. ஆனால் தேசியப் போட்டிக்கு மாநிலம் மாநிலமாகத்தான் அணி. தமிழ்நாட்டு அணிக்கு என்றால் பெரும்பாலும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை பக்கம் பார்க்க வேண்டும். அப்பா ஷிஃப்டுக்குப் போவாரா, சென்னைக்குப் போவாரா? இதையெல்லாம் தாண்டி டிரயல்ஸ் வரை வந்துவிட்டால், அங்கே முதலிடம் வந்தால் போதுமா என்ற கேள்விக்கு அந்த அப்பாவிடம் "போதும்" என்று சொல்ல முடிய வேண்டும். 2023-க்கு அப்புறம் அப்படிச் சொல்வது கஷ்டம்.

தீபா விஷயம் அதோடு நிற்கவில்லை. 2024 மே மாதம் தாஷ்கென்ட்டில் ஆசிய சாம்பியன்ஷிப். வால்டில் 13.566, தங்கம். ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியா வாங்கிய முதல் தங்கம் அது. ஹாங்சோ முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அங்கே பாரிஸ் டிக்கெட் நாலு கருவிகளின் மொத்தத்துக்குத்தான், வால்டுக்கு மட்டும் இல்லை. மொத்தத்தில் அவர் 16-வது. இதில் யார் மேலும் குறை இல்லை, விதி எல்லாருக்கும் ஒன்றுதான், முன்கூட்டியே தெரிந்ததுதான். பாரிஸுக்கு இந்தியாவிலிருந்து ஒரு ஜிம்னாஸ்ட்கூடப் போகவில்லை. 2024 அக்டோபர் 7-ஆம் தேதி தீபா ஓய்வை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 31.